படத்தில் மினுங்குவதெல்லாம் கொலாஜன் அல்ல

மறுபடியும் அதே நுண்ணோக்கிப் படம். தோல் திசு, 800 நானோமீட்டர் லேசர், பச்சையாக இழைகள், கீழே "எஸ்எச்ஜி – கொலாஜன்" என்று ஒரு வரி. (எஸ்எச்ஜி என்றால் இரண்டாம் சீரிசை: தோலின் இழைப் புரதமான கொலாஜனில் பட்ட லேசர் ஒளி சரிபாதி அலைநீளத்தில் வெளிவருவது.) எந்த ஃபில்டர் என்று கேட்டால், 500–550 நானோமீட்டர் என்று பதில். ஐயா, 800-இல் பாதி 400. இரண்டாம் சீரிசை அங்கே மட்டும்தான் வரும். 500-க்கு மேலே தெரிவது திசுவில் தானாக ஒளிரும் எலாஸ்டினாக இருக்கலாம், ஃப்ளேவினாக இருக்கலாம், சாயமேற்றிய சிலைடு என்றால் இயோசினாகவும் இருக்கலாம். எஸ்எச்ஜியாக இருக்க வழியே இல்லை.

எத்தனை முறை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது: எஸ்எச்ஜி என்பது ஒளிர்வு (ஃப்ளோரசன்ஸ்) அல்ல. ஒளிர்வில் மூலக்கூறு ஒளியை உட்கொண்டு, கொஞ்சம் ஆற்றலைத் தொலைத்து, மிச்சத்தைப் பிறகு உமிழும். அதனால்தான் நிறம் அகலமாகப் பரவுகிறது. எஸ்எச்ஜியில் உட்கொள்வதே கிடையாது. இரண்டு ஃபோட்டான் போய் ஒன்று வரும். ஆற்றல் கணக்கில் சல்லிக்காசு குறையாது. "திறனை இருமடங்காக்கினேன், சிக்னல் நான்கு மடங்கானது, எனவே எஸ்எச்ஜி" என்ற வாதமும் செல்லாது. இரண்டு ஃபோட்டானை ஒன்றாக உட்கொண்டு வரும் இருஃபோட்டான் ஒளிர்வும் அப்படியே நான்கு மடங்காகும்.

லேசரை 840-க்கு நகர்த்திப் பாருங்கள். 400/20 ஃபில்டரில் (மையம் 400, அகலம் 20 நானோமீட்டர்) இருந்த சிக்னல் மறைந்து 420/10-இல் வரவேண்டும். அதே இடத்தில் நின்றால் அது ஒளிர்வு. ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து செய்யுங்கள். (1961-இல் ஃபிராங்கன் குழு குவார்ட்ஸில் பிடித்த முதல் இரண்டாம் சீரிசைப் புள்ளியைத் தூசு என்று நினைத்து அச்சில் அழித்துவிட்டார்கள். இப்போது தூசையே அச்சேற்றுகிறோம்.)

இருட்டாக இருந்தால் கொலாஜன் இல்லை என்று எழுதுவதும் தவறு. அடித்தளச் சவ்வின் (மேல்தோலுக்கு அடியிலுள்ள மெல்லிய படலம்) நான்காம் வகைக் கொலாஜன் நாரிழையாகத் திரள்வதில்லை, அதனால் தெரியாது. லேசரின் முனைவாக்கத்துக்கு (ஒளி அதிரும் திசைக்கு) குறுக்காகக் கிடக்கும் இழையும் மங்கிவிடும். கால் அலைத் தகடு போட்டு வட்ட முனைவாக்கமாக்குங்கள். வழியிலுள்ள டைக்ராயிக் (நிறம் பிரிக்கும் ஆடி) அதை நீள்வட்டமாக்கிவிடும் என்பதால், அப்ஜெக்டிவ் லென்சைத் தாண்டிய பிறகு அளந்து சரிபாருங்கள். உருளைக்கிழங்கு மாவுத்துகள் ஒன்று போதும்: நேர்கோட்டு முனைவாக்கத்தில் எதிரெதிராக இரண்டு மடல்கள் தெரியும், வட்டத்தில் முழு வளையம்.

5 மைக்ரான் திசுச் சீவலில் சிக்னலின் பெரும்பகுதி முன்னோக்கிப் போய்விடும். கண்டன்சர் லென்சுக்குக் கீழே டிடெக்டர் இல்லாமல் "சிக்னலே இல்லை" என்று லேசர் திறனை ஏற்றாதீர்கள், திசு கருகும். 800 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒளிப்பாதையைத் திருத்தவும் வேண்டாம்.