மாட்டின் வயிற்றுக்குள் தயாராகும் விஷம்

கோடையில் ஒரு மழை பெய்த பிறகு, அறுத்துவிட்ட சோளக்காட்டைப் போய்ப் பாருங்கள். காய்ந்து கிடந்த கட்டைகளிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று துளிர் வந்திருக்கும். முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பசுவுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஆனால் பசியோடு போய் வயிறு முட்ட மேய்ந்தால், கால் மணி நேரத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பிக்கும், வாயில் நுரை தள்ளும், உடம்பு நடுங்கும், அப்படியே சாய்ந்துவிடும். காலையில் பால் கொடுத்த மாடு மத்தியானம் இல்லை என்றால் யாருக்கும் நம்ப முடியாதுதான். பாம்பு தீண்டியிருக்கும் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

கொன்றது சயனைடு. ஆனால் உயிரோடு நிற்கும் சோளத்துளிருக்குள் தனிச் சயனைடு அநேகமாகக் கிடையாது. அதை உண்டாக்கும் இரண்டு பொருள்கள்தான் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஒன்று துரின் என்கிற சர்க்கரைச் சேர்மம், இலையின் மேல்தோல் செல்களில் இருக்கிறது. இன்னொன்று அதை உடைக்கும் நொதி, உள்ளே பச்சையம் இருக்கும் செல்களில் இருக்கிறது. தீக்குச்சியும் பெட்டியும் மாதிரி, உரசாதவரை ஒன்றும் இல்லை. மாடு கடித்து மென்றதும் செல்கள் நசுங்கி இரண்டும் கலந்துவிடும், ஹைட்ரஜன் சயனைடு வெளியே வரும்.

1902-ல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் இளஞ்சோளத்திலிருந்து இந்தச் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். சோளத்துக்கு அரபியில் துர்ரா என்று பெயர், அதிலிருந்து வந்ததுதான் துரின். முளைத்துச் சில நாளே ஆன சோளக் குருத்தின் நுனியில், உலர் எடையில் 30 சதவீதம் வரைகூட துரின் இருக்கும்! பயிர் வளர வளர இது குறைந்துகொண்டே போகும். முற்றிய தானியத்தில் இது இருக்காது, அதனால் சோளச்சோறு சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் வறட்சியில் வாடிச் சுருண்ட பயிர், யூரியாவை அள்ளிப் போட்ட பயிர், மறுதாம்பில், அதாவது அறுத்த கட்டையில், வரும் துளிர், இந்த மூன்றிலும் அளவு ஏறும்.

சரி, இதே துளிரைப் பன்றி தின்றால் இவ்வளவு ஆபத்து இல்லையே, ஏன்? பன்றியின் வயிற்றில் நல்ல அமிலம் இருக்கிறது, அது செடியின் நொதியை முடக்கிவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனம் முதலில் போய்ச் சேர்வது பெருவயிற்றில். அங்கே அமிலம் குறைவு, வெதுவெதுப்பு, நிறைய நீர், கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். செடியின் நொதி அங்கேயும் வேலை செய்யும், போதாததற்கு நுண்ணுயிர்களும் துரினை உடைத்துக் கொடுக்கும். வைக்கோலைப் பாலாக்கித் தருகிற அதே வயிறுதான் விஷத்தையும் காய்ச்சுகிறது.

ரத்தத்தில் கலந்த சயனைடு, செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியின் இரும்பைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நுரையீரல் ஒழுங்காக வேலை செய்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, ஆனால் செல்லால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை. அதனால்தான் இப்படிச் சாகும் மாட்டின் ரத்தம் நல்ல செக்கச்செவேல் என்றிருக்கும்.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் சயனைடு போனால் உயிர் போகலாம். 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். ஒரு கிலோ பச்சைத் துளிரில் 200 மில்லிகிராம் வரும் என்று வைத்தால், மூன்று கிலோவே போதும், அதாவது ஒரு சின்னக் கட்டு. ஆனால் அதையே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் கல்லீரல் வர வர அதைச் செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கும். எனவே செடியைப் போலவே மாட்டின் பசியும் வேகமும் முக்கியம். வைக்கோல் தின்ற மாட்டை விடுவதும் வெறும் வயிற்று மாட்டை விடுவதும் ஒன்றல்ல.

மருந்து உண்டு, நேரம்தான் இருக்காது. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் மருத்துவர் ஊசியாகப் போடுவார். முதலாவது ஹீமோகுளோபினில் கொஞ்சத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும், அது சயனைடைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டாவது கந்தகத்தைக் கொடுத்துச் சயனைடைத் தயோசயனேட் ஆக்கிச் சிறுநீரில் வெளியேற்றும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஹைப்போ என்பார்களே, அந்த உப்புதான் இது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே மருந்தாகும் நைட்ரைட் இன்னொரு இடத்தில் கொல்லும். உரம் அதிகம் போட்ட, வறட்சியில் நின்ற சோளத் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் சேரும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்கிவிடும், ஹீமோகுளோபின் மொத்தமாகக் கெட்டு ரத்தம் சாக்லேட் நிறத்துக்குப் போய்விடும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும், எனவே நன்றாகக் காய்ந்த சோளத்தட்டில் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். நைட்ரேட்டோ எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் அப்படியே இருக்கும். காயவைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பச்சையாகப் போடுவதென்றால் பூ பாதியாவது வரட்டும், அப்புறம் அறுங்கள்.

வயிற்று நுண்ணுயிர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. வேலியோரம் நிற்கும் சவுண்டல், அதாவது சூபாபுல், இலையில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. நிறையத் தின்றால் முடி கொட்டும். அது வயிற்றில் சிதைந்து உண்டாகும் டிஎச்பி என்ற பொருள் தைராய்டைக் கெடுத்துக் கழலை வரவைக்கும். ஆஸ்திரேலியாவில் இதை மேய்ந்த மாடுகள் இளைத்துப்போயின, ஹவாயில் இதே இலையைத் தின்ற ஆடுகளோ கொழுகொழுவென்று இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஆடுகளின் வயிற்றில்தான் விஷயம் இருக்கிறது என்று பிடித்தார். ஹவாய் ஆட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்களை 1980-களில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லுக்குக் கொண்டுவந்து அங்கிருந்த மாடுகளுக்குச் செலுத்த, அவை சவுண்டலைத் தின்று செரித்துத் தேறின. டிஎச்பியைத் தின்றே வாழும் அந்த பாக்டீரியாவுக்கு 1992-ல் அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று வைத்தார்கள். மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தாலே போதும், கூடவே மேயும் மற்ற மாடுகளுக்கும் அது தானாகத் தொற்றிக்கொள்ளும்.