வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டேப்பும் நோட்டும் எடுங்க

பாரிஸ்ல கார்னவாலேன்னு ஒரு மியூசியம் இருக்கு, அந்த ஊரோட சரித்திரத்துக்குன்னே உள்ளது. அதை ஆரம்பிக்கலாம்னு யோசனை சொன்னது யாருன்னு பாத்தா ஹவுஸ்மான், அதாவது மூணாம் நெப்போலியன் காலத்துல பாரிஸோட பழைய தெருவெல்லாம் இடிச்சுத் தள்ளி அகல ரோடு போட்ட அதே ஆளு! 1866ல நகராட்சி மரே பகுதியில ஒரு பழைய மாளிகைய வாங்குச்சு, 1548ல கட்ட ஆரம்பிச்சது, மதாம் த செவிஞ்யேன்னு கடிதம் எழுதியே பேர் வாங்கின அம்மா கடைசி இருபது வருஷம் போல வாடகைக்கு இருந்த வீடு. 1880ல மியூசியமா திறந்தாங்க. இடிச்சவர் மேல எனக்குப் பெரிய மரியாதை ஒண்ணும் கிடையாது, ஆனா இடிபடுற வீடுகள்ல இருந்து மரப்பலகைச் சுவர், சீலிங் எல்லாம் அறை அறையா கழட்டி வந்து அங்க மாட்டியிருக்காங்க பாருங்க, அதுதான் என் தொழில்ல இருக்கிறவங்க கத்துக்க வேண்டிய விஷயம்.

நான் பழைய வீடுகளை அளந்து, படம் போட்டு, ஆவணப்படுத்துற வேலை பாக்குறேன். முக்கால்வாசி நேரம் எங்களைக் கூப்பிடுறதே லேட்டு. நாங்க போறதுக்குள்ள நிலைக்கதவு வித்தாச்சு, முகப்புத் தூண் வித்தாச்சு, சாமான் ரூம் காலி. காரைக்குடி பக்கம் பழைய பொருள் கடைகள்ல போய்ப் பாருங்க, பர்மா தேக்குத் தூண் வரிசையா சாஞ்சு நிக்கும், வேலைப்பாடு பிரமாதமா இருக்கும், ஆனா எந்த ஊர், எந்த வளவு, அதாவது எந்த வீடு, எந்தப் பக்கம் நின்னதுன்னு கேட்டா கடைக்காரருக்கும் தெரியாது. அப்புறம் அது ரிசார்ட்டுல ரிசப்ஷனுக்கு அழகா நிக்கும், அவ்ளோதான்.

கார்னவாலேயில ஒரு நகைக்கடை இருக்கு, முழுக் கடை. ஃபூக்கேன்னு நகை வியாபாரிக்கு 1901ல அல்ஃபோன்ஸ் மூக்கான்னு ஒரு ஓவியர் டிசைன் பண்ணது, மயில் சிலையெல்லாம் வச்சு. 1923ல ஃபேஷன் மாறிப்போச்சுன்னு கழட்டிட்டாங்க. ஆனா வித்துச் சிதறடிக்கல, குடும்பத்துலயே வச்சிருந்து 1941ல மியூசியத்துக்குக் குடுத்தாங்க, 1989ல திரும்பக் கடையா மாட்டி நிறுத்தினாங்க. கழட்டி 66 வருஷம்! துண்டெல்லாம் ஒரே இடத்துல சேந்து இருந்ததாலதான் அது முடிஞ்சுது. அங்க ஆறு லட்சத்துக்கும் மேல பொருள் இருக்கு, 2016ல மூடி மராமத்து பண்ணி 2021ல திறந்தப்போ காட்சிக்கு வச்சது நாலாயிரத்துக்கும் கொஞ்சம் கம்மிதான். பாக்குறவங்க மனசுல நிக்கிறது என்னவோ இந்த மாதிரி முழு ரூம்தான்னு எனக்குத் தோணும்.

சரி, உங்க வீட்டை இடிக்கத்தான் வேணும், பங்காளிங்க ஒத்துக்கல, பராமரிக்கக் காசு இல்ல, புரியுது. சண்டை போட வரல. இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு ரூமையும் நாலு மூலையில நின்னு போட்டோ எடுங்க, ஒவ்வொரு சுவரையும் நேரா நின்னும் எடுங்க, பக்கத்துல ஒரு அளவுகோல் வச்சு. போன் கேமராவே போதும். டேப் பிடிச்சு நீளம், அகலம், உயரம், கதவு ஜன்னல் எங்க வருதுன்னு கையாலயே ஒரு படம் வரைங்க, வடக்கு எதுன்னு கட்டாயம் குறிங்க. கழட்டுற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர், அதே நம்பர் படத்துலயும் இருக்கணும். சாக்பீஸ்ல எழுதாதீங்க, ஒரு மழைக்குப் போயிடும், தகரத் துண்டுல நம்பர் அடிச்சு வெளிய தெரியாத பக்கமா கம்பியால கட்டுங்க. பழைய பெயிண்ட்டைச் சுரண்ட வேண்டாம், காஸ்டிக் சோடாவுல ஊற வச்சு பளபளன்னு ஆக்கித் தரேன்னு சொல்றவங்களை உள்ள விடாதீங்க, மரத்தோட நார் கெட்டுப்போகும், அதோட அடியில எத்தனை கலர் இருந்துச்சுங்கிற சாட்சியும் போயிடும்.

வீட்ல வயசான ஆச்சி யாராச்சும் இருந்தா அவங்கள ஒவ்வொரு ரூமா கூட்டிட்டுப் போய் பேசவிட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. பட்டாசாலையில, அதான் கூடத்துல, எந்தத் தூணுக்குப் பக்கத்துல யார் உக்காருவாங்க, ரெண்டாங்கட்டுல, அதான் உள்ளே அடுத்த முற்றத்துப் பக்கம், என்ன நடக்கும், நெல்லு எங்க கொட்டுவாங்க, இதெல்லாம் எங்க அளவு டேப்புக்குச் சிக்காது. யாருக்குக் குடுக்கிறதுன்னு தெரியலன்னா பழைய பொருள் கடைக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி பழைய கட்டடம், கலைப்பொருளையெல்லாம் பாதுகாக்க வேலை செய்யுற இன்டாக் அமைப்போட உங்க பக்கத்துக் கிளையில ஒரு வார்த்தை கேளுங்க.

அப்புறம் அந்தப் படம், போட்டோ, ரெக்கார்டிங் எல்லாம் ரெண்டு காப்பி போட்டு ஒண்ண வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட குடுத்து வைங்க. கார்னவாலேக்குன்னு முதல்ல சேத்த சாமான்ல ஒரு பகுதி பாரிஸ் டவுன்ஹால்ல இருந்துச்சு, 1871 கலவரத்துல டவுன்ஹாலோட சேந்து எரிஞ்சு போச்சு.