சூரியகாந்தி அஞ்சலட்டையின் மஞ்சள்

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும், ஓவியர் வான்கோவின் ‘சூரியகாந்திப் பூக்கள்’ ஓவியம் ஏறக்குறைய மூன்றடி உயரம். தன்னோடு தங்க வரவிருந்த நண்பர் பால் கோகனின் அறையை அலங்கரிக்க, 1888 ஆகஸ்டில் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரில் வரைந்தது. மஞ்சள் சுவர் முன்னே மஞ்சள் ஜாடி, அதில் மஞ்சள் பூக்கள். அது எப்படி உள்ளங்கை அளவு அஞ்சலட்டைக்குள் வருகிறது?

அட்டையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பூ காணாமல் போய்விடும், புள்ளிகள்தான் தெரியும். தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கும் அதிலிருந்து தாளுக்கும் மை ஏற்றும் ஆஃப்செட் அச்சில் வழக்கமாக நான்கே மைகள்: சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு. ஒவ்வொரு மைக்கும் தனித் தகடு. ஓர் அங்குலத்தில் 150 வரிசைப் புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு நெருக்கமாக இருப்பதைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது; எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தெரிகிறது. நான்கு வரிசைகளும் ஒரே கோணத்தில் விழுந்தால் அலை அலையாக வேண்டாத கோலம் தோன்றும். அதனால் கருப்பை 45 பாகையிலும், மற்றவற்றை வேறு வேறு கோணங்களிலும் சாய்த்து அச்சிடுகிறார்கள்.

இந்த ஓவியத்தில் சிக்கலே மஞ்சள்தான். மூன்று வகை குரோம் மஞ்சள், காவி மஞ்சள், கொஞ்சம் பச்சை, வேறு எதுவும் இல்லை என்று வான்கோவே 1889 ஜனவரியில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அச்சகத்தில் இருப்பதோ ஒரே மஞ்சள் மை. அதை எலுமிச்சை நிறமாக்கத் துளி நீலப் புள்ளி வேண்டும். ஆரஞ்சுப் பக்கம் இழுக்க மெஜந்தாப் புள்ளி வேண்டும். அந்தப் புள்ளிகள் இம்மி பெருத்தாலும் பின்சுவர் முழுவதும் நிறம் மாறிவிடும். ஒரே ஓவியத்தின் இரண்டு அட்டைகள் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் சாயத்தின் தடிப்பு. பூக்களின் நடுவில் வான்கோ சாயத்தை மேடாக அப்பியிருக்கிறார். மேலே படும் வெளிச்சத்தில் அதற்கு நிழல்கூட விழும். ஆனால் படம் எடுக்கும்போது பளபளப்பு வராமல் இருக்க இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைப்பார்கள். அந்த நிழல் அங்கேயே கரைந்துவிடுகிறது. அட்டையில் எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான், நிறம்கூட அல்ல.

அந்த நிறமும் 1888-ன் நிறம் என்று சொல்லிவிட முடியாது. குரோம் மஞ்சள் என்பது ஈய குரோமேட், அதாவது ஈயமும் குரோமியமும் உள்ள ஒரு சேர்மம். வான்கோவின் ஓவியங்களிலிருந்து எடுத்த சாயத் துணுக்குகளை 2011-ல் எக்ஸ் கதிர்களால் சோதித்தபோது, ஒளி பட்ட மேற்பரப்பில் குரோமியம் வேதி மாற்றம் அடைந்து மஞ்சளைப் பழுப்பாக்குவது தெரிந்தது. கந்தகம் கலந்த, வெளிர் வகை மஞ்சள்தான் சீக்கிரம் மாறுகிறது. ஆக, அட்டை காட்டுவது ஓவியத்தின் இன்றைய நிலையை.

அச்சு மைக்கும் வெயில் ஆகாது. நான்கில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும், நீலமும் கருப்பும் நெடுநாள் தாங்கும். சூரியகாந்தி அட்டையை வெயில் படும் ஜன்னலோரம் ஒட்டிவைத்தால் சில ஆண்டுகளில் பூக்கள் வெளிறி, படம் நீலம் பாரித்துப்போகும். புத்தகத்துக்குள் வைத்திருங்கள்.