தண்ணீர் ஊற்றியும் தாகத்தில் நின்ற இச்சி

கீழக்கரையில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு போன்சாய் நின்றது. ஆசையாக வளர்த்த மகன் வளைகுடாவுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. முழங்கை உயரம், மணிக்கட்டுப் பருமனில் அடிமரம். இலைகள் பத்துப் பதினைந்துதான் மிச்சம், அவையும் ஓரம் கருகியவை. "தினமும் தண்ணி ஊத்துறேன் தம்பி, அது குடிக்கவே மாட்டேங்குது" என்றார் மாமி. அவர் சொன்னது அறிவியல்படியும் சரிதான்.

முதலில் அது என்ன மரம் என்று தெரிய வேண்டும். போன்சாய் என்று தனி மரவகை கிடையாது. அந்த ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்றுதான் பொருள். ஒரு இலையைக் கிள்ளினேன், வெள்ளையாகப் பால் கசிந்தது. கிளை நுனி மொட்டைக் கூரான உறை ஒன்று மூடியிருந்தது. உறை உதிர்ந்த கணுக்களில் மோதிரம்போல வளையத் தழும்பு. பாலும் வளையமும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஆல், அரசு, அத்தி கூட்டம்தான். அரசு என்றால் இலை நுனியில் நீண்ட வால் இருக்கும். ஆல் என்றால் இலை அகலமாக இருக்கும். இதற்குச் சின்ன, தடித்த, பளபளப்பான இலை. ஆக, இது அதே கூட்டத்துக் கல்லிச்சி, சுருக்கமாக இச்சி.

அடுத்து, உயிர் எதுவரை இருக்கிறது? கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கி, நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிக்கொண்டே வரவேண்டும். பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. ஈரப் பச்சை தெரிந்தால் அதற்கடியில் புதுத் திசுவை உண்டாக்கும் மெல்லிய வளர்படலம் உயிரோடு இருக்கிறது. இந்த இச்சியில் பாதிக் கிளைகள் காய்ந்திருந்தாலும் அடிமரம் முழுக்கப் பச்சை.

தொட்டி விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு காரணத்தைக் காட்டிவிட்டது. மாமி ஊற்றியது போர் தண்ணீர். நம் கடலோரத்தில் பல வீடுகளில் அது உப்புத் தண்ணி. நல்ல தண்ணியைக் குடத்துக்குக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் ஊரில் செடிக்கு அதுதான் போகும், அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். கையகல ஆழத் தொட்டியில் அது நாளுக்கு நாள் ஏறும். வேர் தண்ணீரை இழுப்பது சவ்வூடுபரவலால்: உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். வேருக்குள் இருப்பதைவிட மண்ணில் உப்பு ஏறிவிட்டால் வேரால் இழுக்க முடியாது. மண் ஈரமாகவே இருக்கும், மரம் தாகத்தில் வாடும். உள்ளே நுழைந்த கொஞ்ச உப்பும் நீரோட்டத்தோடு இலை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஓரம் கருகுவது அதனால்தான். இதற்கு மேல் கச்சான் என்னும் மேற்குக் காற்று வேறு இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையில் பலர் உரம் வைப்பார்கள். வேண்டவே வேண்டாம். ரசாயன உரமும் உப்புதான்.

வேர் அடைத்து மண் இறுகியிருந்ததால் மேலே ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடியது. அதனால் தொட்டியை ஊருணித் தண்ணீர் நிறைத்த அண்டாவில் குமிழி அடங்கும்வரை முக்கி வைத்தோம். அப்புறம் தொட்டி கொள்ளளவைப்போல ஐந்து மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே உப்பைக் கரைத்து வெளியேற்றினோம். காற்றுப் படாத நிழலில் வைத்தோம். ஐப்பசி மழை தொடங்கியதும் வெளியே எடுத்து நனையவிட்டோம். மழைநீரில் உப்பு மிகமிகக் குறைவு, இதைவிட நல்ல மருந்து தெரியவில்லை.

காய்ந்த நுனிகளைப் பச்சை தொடங்கும் இடம்வரை வெட்டினோம். உயிருள்ள நுனி மொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனால் அந்தப் பிடி தளரும், பட்டைக்குள் உறங்கிய மொட்டுகள் விழிக்கும். மூன்றாவது வாரம் அடிமரத்திலேயே நாலு முளை வெடித்தது.

மண்ணை மாற்றியது மாசியில், புது இலைகள் முற்றிய பிறகுதான். சுற்றிச் சுருண்ட வேர்களில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கினோம். ஆழம் குறைந்த தட்டில் அடிமட்டத்தில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டும் என்பதால் சலித்த செங்கல் துண்டு, ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய தொழு உரம் கலந்தோம். கடல் மணலைத் தொடவில்லை. அதில் உப்போடு சிப்பிச் சுண்ணாம்பும் இருக்கிறது. சுண்ணாம்பு கூடினால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாகிவிடும்.

இப்போது மாமி மாடிக் குழாயடியில் ஒரு டிரம் வைத்து மழைநீர் பிடிக்கிறார். அதிலிருந்து இச்சிக்குத் தினமும் ஒரு செம்பு.