உப்பு, தண்ணீர், காது

மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். உப்பு எங்கே அதிகமோ அங்கே தண்ணீர் போகும், அவ்வளவுதான் விஷயம். நம் காது கேட்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுகிறது.

உட்செவியில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நடு அறையில் எண்டோலிம்ஃப் என்றொரு திரவம் இருக்கிறது. செல்லுக்கு வெளியே உள்ள திரவங்களில் பொதுவாகச் சோடியம்தான் அதிகம். இதிலோ பொட்டாசியம் அதிகம், போதாததற்குச் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் வேறு. சத்தம் வந்து, அதை உணரும் மயிர்ச்செல்களின் முடியை அசைத்ததும் வாசல் திறந்து பொட்டாசியம் உள்ளே பாய்கிறது, நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

சரி, பாய்ந்த பொட்டாசியம் அப்புறம் எங்கே போகும்? மயிர்ச்செல்லின் அடிப்பக்கமாக வெளியேறி, அக்கம்பக்கத்துத் துணைச்செல்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு பழையபடி எண்டோலிம்ஃபுக்கே திரும்ப வேண்டும். பொட்டாசியம் துணைச்செல்லுக்குள் நுழைந்தால், மாங்காய்க் கணக்குப்படி பின்னாலேயே தண்ணீரும் நுழையப் பார்க்கும். ஆனால் செல்லின் சவ்வு கொழுப்பாலானது, தண்ணீரை வேகமாக விடாது.

அதற்கென்றே உள்ள வாசல்தான் அக்வாபோரின் என்ற புரதம். அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே இதை இரத்தச் சிவப்பணுவில் கண்டெடுத்தார். 1992இல் அவர் குழு இதைத் தவளை முட்டையில் உருவாகச் செய்து, உப்புக் குறைந்த நீரில் போட்டபோது முட்டை உப்பி வெடித்தது. அதற்கு 2003இல் வேதியியல் நோபல். ஒரே வாசல் வழியாக வினாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன, ஆனால் ஒரு புரோட்டான்கூட நழுவ முடியாது!

மனிதரிடம் இதில் 13 வகை உண்டு, எண் போட்டுத்தான் அழைப்பார்கள். காதுக்கு முக்கியமானது நான்காம் எண். 2001இல் அந்த ஒரு புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளைச் சோதித்தபோது கேட்கும் திறன் குறைந்திருந்தது. 1, 3, 5 ஆகிய எண்கள் இல்லாத எலிகளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, இந்த நான்காம் எண் மயிர்ச்செல்லில் கிடையவே கிடையாது, பக்கத்திலுள்ள துணைச்செல்களில்தான் இருக்கிறது. பெயர் வாங்குவது மயிர்ச்செல், தண்ணீர் இறைப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

எண்டோலிம்ஃப் அளவுக்கு மீறிச் சேர்ந்து உப்பினால் என்னாகும் என்பதற்கு மெனியர் நோய் உதாரணம்: தலைசுற்றல், காதில் இரைச்சல், கேட்கும் திறன் ஏறியிறங்குவது. சிறுநீரகத்தில் தண்ணீரை மீட்கும் இரண்டாம் எண் அக்வாபோரின் உட்செவியின் எண்டோலிம்ஃப் பையிலும் இருப்பதால், இந்த நோய்க்கு அதுவும் காரணமோ என்று ஆய்வாளர்களுக்கு ஒரு சந்தேகம். இந்த நோயாளிகளை உப்பைக் குறைக்கச் சொல்வதும் இதே தண்ணீர்க் கணக்கில்தான். முன்பெல்லாம் கிளிசராலைக் குடிக்கக் கொடுத்துச் சோதிப்பார்கள், தித்திப்பில் குமட்டும். அது இரத்தத்தில் கலந்து காதிலிருந்து தண்ணீரை இழுக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சிலருக்குக் காது சற்றுத் தெளிவாகக் கேட்கும், பிறகு பழையபடி மந்தமாகிவிடும்.