பாவா பாணி வீடு கட்டப் போகிறீர்களா? கூரையையும் முற்றத்தையும் முதலில் பாருங்கள்

நடு முற்றம், தாழ இறங்கும் ஓட்டுக் கூரை, மினுக்கிய சீமெந்துத் தரை. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பாணியில் வீடு கேட்பவர்கள் காட்டும் படங்களில் இந்த மூன்றும் இருக்கும். மழை நேரத்துப் படம் மட்டும் இருக்காது.

1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குப் பாவா வடிவமைத்த வீடு, தெருவுக்கு மதிலைக் காட்டிவிட்டு உள்முற்றத்தைப் பார்த்துத் திறந்தது. காற்றும் வெளிச்சமும் அங்கிருந்துதான். அந்த வீட்டைப் பின்னர் பிரித்தெடுத்து, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் தோட்ட இல்லமான லுணுகங்கையில் மீண்டும் எழுப்பினார்கள்.

பாவாவின் பல கூரைகளில் கண்ணுக்குத் தெரிவது அரைவட்ட ஓடு; மழையைத் தடுப்பது அதன் கீழே கிடக்கும் நெளி சீமெந்துத் தகடு. ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும். பாவாவின் கூரையைப் பார்த்து அதேபோலச் செய்கிறவர்கள் பிழைவிடுவது இந்த இரண்டுக்கும் நடுவில். ஓடு நகராமலிருக்க வரிசை முழுவதும் சாந்து போட்டு நிரப்பினால், தகட்டின் பள்ளம் அடைபட்டுத் தண்ணீர் பின்னுக்கு ஏறும். சாந்து முகட்டிலும் இறவாணத்து விளிம்பிலும் போதும். விளிம்பிலும் பள்ளத்தின் வாய் திறந்தே இருக்கவேண்டும். ஆணித்துளை நெளிவின் மேட்டில்தான் வரவேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுக்கு நிச்சயம். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் குறைந்தது 150 மில்லிமீற்றர் ஏறிக் கிடக்கட்டும். கைமரத்தின் அளவை நனைந்த ஓட்டின் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பழைய கூரையைப் பிரிப்பதென்றால், அந்தத் தகட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கும் என்றே எண்ணி வேலை செய்யுங்கள். உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். காய்ந்த தகட்டை மின்வாளால் அறுக்கவே கூடாது. அந்தத் தூசு நுரையீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகும். புதிதாகப் போடுபவர்கள் அஸ்பெஸ்டஸ் இல்லாத தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இனி முற்றம். முற்றமும் அதற்குள் சரியும் கூரைகளுமாக 60 சதுர மீற்றர் என்று வையுங்கள். மணிக்கு 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 6,000 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 100 லீற்றர் உள்ளே விழும். நல்ல சரிவில் போட்ட நாலு அங்குலக் குழாய் ஒன்று இதைத் தாராளமாகக் கொண்டுபோகும். ஆனால் முற்றத்தில் மரம் வைக்காதவர் யார்? இலை அடைத்தால் அந்த ஒரு குழாயும் இல்லை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு வடிகால் வாய்கள் வையுங்கள், இரண்டுக்கும் கழற்றிக் கழுவக்கூடிய வலையோடு. முற்றத்துத் தரை வீட்டுத் தரையைவிட 150 மில்லிமீற்றராவது தாழ்ந்திருக்கட்டும். தரைக்குச் சீமெந்து பூசுவதற்கு முன்பே ஒரு வாயை அடைத்துவிட்டு, நாலைந்து வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிப் பாருங்கள். தேங்கும் இடத்தைச் சரிசெய்ய அதுவே மலிவான நேரம்.