செயற்கைக்கோள் கேபிளில் மூளும் மின்வில்

2003 அக்டோபரில் ஜப்பானின் மிடோரி-2 செயற்கைக்கோளில் மின் உற்பத்தி சில நிமிடங்களுக்குள் 6 கிலோவாட்டிலிருந்து 1 கிலோவாட்டுக்குச் சரிந்தது. அதன் பிறகு அது மீளவே இல்லை. சூரியத் தகட்டிலிருந்து வரும் கேபிள் கட்டில் மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டி மின்சாரம் விடாமல் பாயும் சுடர், மூண்டிருக்க வேண்டும் என்பதே விசாரணையில் தெரியவந்தது.

காற்றே இல்லாத இடத்தில் வில் எதைப் பற்றிக்கொண்டு எரிகிறது? கம்பியின் செம்பையேதான். எதிர்மின்முனையில் (நெகட்டிவ் பக்கத்தில்) கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளி ஒன்று கொதித்து ஆவியாக, அந்த ஆவி அயனியாகி மின்சாரத்தைக் கடத்துகிறது. ஒருமுறை மூண்டுவிட்டால், அது நீடிக்க ஏறத்தாழ 20 வோல்ட் போதும். பெரிய செயற்கைக்கோள்களில் ஓடுவதோ 50 அல்லது 100 வோல்ட். அதுவும் நேர்திசை மின்னோட்டம். மாறுதிசை என்றால் ஒவ்வொரு அலையிலும் இரண்டு முறை பூஜ்ஜியத்தைத் தொடும், வில் அணைய வாய்ப்புண்டு. இங்கே அந்த வாய்ப்பும் இல்லை.

மூட்டிவிடுவது பெரும்பாலும் உறையில் விழும் விரிசல். நெருக்கிக் கட்டிய கம்பிகளின் சூட்டை எடுத்துப்போகக் காற்று கிடையாது; நடுவில் இருப்பவை அதிகம் காய்கின்றன. நிழலுக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போகும்போது உறை சுருங்கி விரிந்து வெடிக்கிறது. மிடோரி-2இல் கட்டைச் சுற்றியிருந்த வெப்பக்காப்புப் படலத்துக்குத் தரையிணைப்பு, அதாவது செயற்கைக்கோளின் உடற்சட்டத்தோடு மின் இணைப்பு, இல்லை. துருவப் பகுதி எலக்ட்ரான்கள் அதில் சேர்ந்து, பொறியாகப் பாய்ந்திருக்கலாம்.

பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையில் இன்னொரு ஆபத்து உண்டு. வில்லின் சூட்டில் அது உருகாது, கரியாகும்; கரி மின்சாரத்தைக் கடத்தும். காப்பாக இருந்ததே பாதையாகி, வில் பக்கத்துக் கம்பிகளுக்கும் தாவுகிறது.

ஃபியூஸ் காப்பாற்றாதா? சூரியத் தகட்டின் பக்கம் அதை நம்பவே கூடாது. தகட்டில் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டாலும் வழக்கமான மின்னோட்டத்தைவிடச் சிறிதளவே கூடுதலாக வரும். ஃபியூஸுக்கு அது கோளாறாகத் தெரியாது. வில்லுக்கோ அது தாராளம்.

ஆகவே வில் மூளாமலே பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டில் கம்பிகள் கூடக்கூட ஒவ்வொன்றிலும் செலுத்தும் ஆம்பியரைக் குறைக்க வேண்டும். போகும் கம்பிகளையும் திரும்பும் கம்பிகளையும் தனித்தனிக் கட்டாக்கினால், ஓர் உறை கிழிந்தாலும் எதிர்முனை அருகில் இருக்காது. தகட்டில் வரிசையாக இணைத்த மின்கலங்களின் ஒவ்வொரு தொடருக்கும், மின்சாரத்தை ஒரு பக்கமே விடும் டையோடு ஒன்றைத் தனியாக வைத்தால், மற்றத் தொடர்களின் மின்சாரம் பழுதான இடத்தில் வந்து கொட்டாது. படலத்தின் உலோகப் பூச்சு ஒவ்வொன்றையும் உடற்சட்டத்தோடு இணைத்து, மின்தடையை அளந்து பார்க்க வேண்டும். கூர்விளிம்பைக் கடக்கும் இடத்திலும், கட்டுப்பட்டை இறுக்கும் இடத்திலும் உறையை உருப்பெருக்கியால் சோதிக்க வேண்டும். டெஃப்லான் உறை அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து விலகுவது அங்கேதான்.